தம்பியின் காதும் ஒரு சைலன்சரும்



இம்முறை உங்களோடு ஓர் இரும்புக் குழாயைப் பற்றிப் பேசப் போகிறேன். "இந்த மௌலவிக்கு எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பாலைவனத்து மணலில் ஓடுகின்ற நான்கு சக்கர மோட்டார் சைக்கிளுக்கு எந்தச் சைலன்சர் பொருத்துவது என்பது, சம்மாந்துறையிலும் புத்தளத்திலும் மாவனல்லையிலும் அடுப்படியில் நிற்கும் உங்களுக்கு எதற்கு? கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இந்தக் கதை ஓர் அடுப்படியில்தான் தொடங்கியது.

2022ஆம் ஆண்டின் கடைசி. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்று நாடே களைத்துப் போயிருந்த வருடம் அது. ஒரு ரியால் நூறு ரூபாவை நெருங்கி நின்றதால், வெளிநாட்டில் ஓர் ஆள் இருந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. என் தம்பி ரியாதில் மெக்கானிக். பதினொரு வருடம். ஒருநாள் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினி வாசலிலேயே நின்றாள்.

"மச்சான், உங்கட தம்பிக்கு என்னமோ ஆயிட்டு" என்றாள். "நான் ஒண்டு கேட்டா அவர் வேற ஒண்டு சொல்றார். புள்ள ஆசையா பேசினா 'ம், ம்' எண்டு சொல்லிட்டு, போன உம்மாட்டக் குடு எண்டுறார். நான் கொஞ்சம் மெதுவாப் பேசினா கத்துறார். முந்தி இப்படி இல்ல மச்சான். அங்க வேற யாரும்..."

அவள் அந்த வசனத்தை முடிக்கவில்லை. கணவனைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஒரு பெண், அந்த வசனத்தை எத்தனை இரவுகள் தனக்குள் முடித்துப் பார்த்திருப்பாள் என்பது உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் தேநீரை ஆறவிட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

2023 ஜனவரியில் எனக்கு உம்ராவுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. உம்ரா விசாவில் போனவர்கள் மக்கா, மதீனாவுக்கு வெளியேயும் போகலாம் என்று அப்போது அனுமதி இருந்தது. கடமைகளை முடித்துக்கொண்டு, ஓர் இரவு முழுவதும் பஸ்ஸில் உட்கார்ந்து ரியாத் போய்ச் சேர்ந்தேன். வெளியில் நான் சொன்ன காரணம் தம்பியைப் பார்ப்பது. உள்ளே இருந்த காரணம் அவள் முடிக்காத வசனம்.

தம்பி என்னைக் கட்டிப் பிடித்து அழுதான். ஆளில் ஒரு மாற்றமும் இல்லை. கராஜுக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. சுவரில் மகளின் பாடசாலைப் படம். அடுத்த நாள் ஸுப்ஹுக்குப் பிறகு அவன் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தான். விசில் அடிக்கும் கேத்தல் அது. தண்ணீர் கொதித்து அது வீறிட்டுக் கத்தத் தொடங்கியது. அவன் அசையவில்லை. படுத்திருந்த நான் எழுந்துபோய் அடுப்பை நிறுத்தினேன். "ஓ, கொதிச்சிட்டா?" என்றான். ஏதோ யோசனையில் இருக்கிறான் என்று அதை விட்டுவிட்டேன்.

அவனுடைய கராஜில் கார்கள் இல்லை. எல்லாம் நான்கு பருத்த டயர்களும் மோட்டார் சைக்கிள் போன்ற கைபிடியும் உள்ள வண்டிகள். ரியாதின் வடகிழக்கே துமாமா என்றொரு மணற்பிரதேசம் இருக்கிறது. குளிர்காலம் வந்தால் நகரத்துக் குடும்பங்கள் அங்கே கூடாரம் அடித்துத் தங்குவார்கள். கஷ்தா என்பார்கள் அதை. பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் இந்த வண்டிகள் அங்கே வாடகைக்கு ஓடும். வசதி உள்ளவர்கள் சொந்தமாகவே வாங்கி வைத்திருப்பார்கள். சவூதியர் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'தப்பாப்'. முதல் தடவை கேட்டபோது நான் திகைத்துப் போனேன். நாங்கள் படித்த அரபியில் 'தப்பாபா' என்றால் யுத்த டாங்கி! "தம்பி, இந்தக் கராஜில் டாங்கியா திருத்துறாய்?" என்று கேட்டேன். பிறகு யோசித்தால், ஊர்ந்து செல்வது என்ற வேர்ச்சொல்லில் இருந்துதான் இரண்டும் வருகின்றன. மணல்மேட்டில் அது ஏறுவதைப் பார்த்தால் பெயர் பொருத்தம் என்றே படும்.

நான் போன மூன்றாம் நாள், கபீலின் மகன் ஒரு நீளமான பெட்டியோடு வந்து இறங்கினான். பதினேழு வயது. மீசை இப்போதுதான் அரும்புகிறது. அவனிடம் யமஹா ராப்டர் 700 இருந்தது. 2006ஆம் ஆண்டு முதன்முதலாக வந்த வகை. ஒற்றைச் சிலிண்டர், 686 சீசீ. ஏறத்தாழ 190 கிலோ பாரமுள்ள வண்டி, பெருவிரலால் ஒரு சின்ன நெம்பைத் தள்ளினால் மணிக்கு நூறு கிலோமீற்றரையும் தாண்டிவிடும். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டக் கூடாது, அதற்கு மேற்பட்டவர்களிலும் நல்ல பழக்கம் உள்ளவர்களே ஓட்ட வேண்டும் என்று கம்பனியே எழுதி ஒட்டியிருக்கிறது. பையன் சந்தையில் 600 ரியாலுக்கு ஒரு புதுச் சைலன்சர் வாங்கி வந்திருந்தான். அதை இன்றே பொருத்த வேண்டும். வெள்ளிக்கிழமை துமாமாவில் கூட்டாளிகள் கூடுகிறார்கள்.

தம்பி பெட்டியைத் திறந்து குழாயை வெளியே எடுத்து, ஒட்டுப் போட்ட இடங்களை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"காக்கா, 'கூடாது' எண்டு சொல்ற அரபி எனக்குத் தெரியும். 'ஏன் கூடாது' எண்டு சொல்ற அரபிதான் என்னட்ட இல்ல. முதலாளிட மகன். மரியாதையாச் சொல்லணும். நீங்க சொல்லுங்க."

ஏழு வருடம் நஹ்வும் ஸர்பும் படித்தவனுக்கு இப்படி ஒரு சோதனை வரும் என்று எங்கள் உஸ்தாத்மார் யாரும் சொல்லித் தரவில்லை. சைலன்சருக்கு அரபியில் என்ன? யோசித்து, 'காதிமுஸ் ஸவ்த்', அதாவது சத்தத்தை அடக்குவது, என்று இலக்கணம் பிசகாமல் சொன்னேன். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அது கைத்துப்பாக்கியின் வாயில் பொருத்துகிற சாமானாம்! வண்டியில் இருப்பது 'ஷக்மான்'. எந்த அகராதியிலும் நான் காணாத சொல். பிரெஞ்சு மொழியில் இருந்து தேய்ந்து வந்தது என்று பின்னர் அறிந்தேன். அந்தச் சிரிப்பால் ஒரு நன்மை விளைந்தது. பையன் பெட்டியை மூடிவிட்டு உட்கார்ந்தான். தம்பி தமிழில் சொல்ல, நான் அதை அரபியாக்கிச் சொன்னேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் மோட்டார் சைக்கிள் இருக்கிறதல்லவா?

எஞ்சினுக்குள் பெற்றோலும் காற்றும் சேர்ந்து எரிகிறது. எரிந்த புகை வெளியே போக வேண்டும். விறகடுப்புக்குப் புகைபோக்கி இருப்பதுபோல எஞ்சினுக்கு இந்தக் குழாய். ஆனால் அடுப்புப் புகை மெல்ல எழும்பும். எஞ்சின் புகையோ ஒவ்வொரு தடவையும் வெடித்துக்கொண்டு வெளியேறும், ஒரு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவைகள். கம்பனிச் சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுப்புகள் இருக்கும். சத்தம் அந்த அறைகளில் மோதித் திரும்பி, தன்னைத் தானே அடித்துக்கொண்டு அடங்கும். வெளியில் வாங்கும் விளையாட்டுச் சைலன்சர்களில் பெரும்பாலும் அந்த அறைகள் இல்லை. நடுவில் சல்லடை போல ஓட்டையிட்ட ஒரு நேர்க்குழாய். அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. சத்தம் பஞ்சுக்குள் போய் ஓரளவு அமுங்கும், புகை தங்குதடையின்றி நேரே வெளியேறும். எஞ்சினுக்கு மூச்சு விடுவது இலகுவாகும். பாரமும் ஓரிரு கிலோ குறையும்.

இதில் மாற்றும் முறையும் இரண்டு. பின்னால் இருக்கும் சைலன்சரை மட்டும் கழற்றிவிட்டு, முன்குழாயில் புதியதைச் செருகுவது ஒன்று. எஞ்சின் தலையில் இருந்து கடைசி வரை முழுவதையும் மாற்றுவது மற்றது. முதலாவதற்குச் சாதாரணமாக நானூறு, ஐந்நூறு டொலர் போகும். இரண்டாவதற்கு அதைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு. முழுவதையும் மாற்றி, காற்றுப் பெட்டியையும் திறந்து, பெற்றோலின் அளவையும் சரிசெய்தால்தான் பலம் கூடியது என்று சொல்லும்படி இருக்கும். பின்சைலன்சரை மட்டும் மாற்றினால் கூடுவது கொஞ்சம்தான். "மிச்சமெல்லாம் சத்தம் காட்டுற மாயம் காக்கா" என்றான் தம்பி. சத்தம் பெருத்தால் ஓட்டுகிறவனுக்கு வேகம் கூடியது போலிருக்கும். இதை மொழிபெயர்த்தபோது பையனின் முகம் சுருங்கியது.

குழாய் பெருத்தால் பலம் பெருகும் என்பதும் சரியல்ல. மிக அகன்ற குழாயில் புகையின் ஓட்டம் தளர்ந்துவிடும். எஞ்சின் உச்ச வேகத்தில் சுழலும்போது அது நன்மை தரலாம். இடைவேகத்தில் இழுவை குறையும். மணல்மேட்டில் ஏறும்போது வேண்டியது அந்த இடைவேக இழுவைதான். கராஜின் மூலையில் பழைய யமஹா பன்ஷி ஒன்று கிடந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 347 சீசீ. அதன் குழாய் நடுவில் கர்ப்பிணியின் வயிறு போலப் புடைத்திருந்தது. அந்தப் புடைப்பில் மோதித் திரும்பும் அலைதான், எரியாமல் வெளியே ஓடும் பெற்றோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறதாம். ஓர் அங்குலம் கூடக் குறைய வெட்டினாலும் எஞ்சினின் குணமே மாறிவிடும் என்றான். படைத்தவன் தந்த அறிவை மனிதன் எதிலெல்லாம் செலவிட்டிருக்கிறான் என்று வியந்துகொண்டேன். யொஷிமுரா என்ற ஜப்பானியர் 1954இல் தொடங்கிய வேலைத்தலமும், எஃப்.எம்.எஃப். என்ற பெயரில் 1973இல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டுக் கராஜில் தொடங்கியதும் இன்று உலகமெங்கும் குழாய் விற்கின்றன என்றால், இதில் வித்தை இல்லாமல் இருக்குமா?

தம்பி மிகவும் பயந்த விஷயம் இன்னொன்று. புகை இலகுவாகப் போனால் காற்றும் கூடுதலாக உள்ளே வரும். காற்று கூடி, பெற்றோல் அதே அளவில் நின்றால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். பெற்றோல் குறைந்தால் சூடு குறையும் என்றுதானே நாம் நினைப்போம்? நான் அப்படித்தான் நினைத்தேன். தண்ணீர் குறைந்த சோற்றுப் பானை அடிப்பிடிப்பதை நினைத்துப் பாருங்கள் சகோதரிகளே, விளங்கிவிடும். இந்த வண்டியில் பெற்றோலின் அளவைக் கட்டுப்படுத்துவது ஒரு கணினி. அதோடு ஒரு சின்னப் பெட்டியை இணைத்து அளவைக் கூட்ட வேண்டும். அந்தப் பெட்டிக்கு வேறு காசு. அது இல்லாமல் ஓட்டி எஞ்சின் கருகினால் பழி யாருடைய தலையில்? குழாய் வாங்கியவன் தலையில் அல்ல, பொருத்தியவன் தலையில்.

இவ்வளவையும் கேட்ட பையன், பதினேழு வயதுப் பையன்கள் செய்வதையே செய்தான். "ஒரு தடவை பொருத்திச் சத்தத்தை மட்டும் கேட்போம்" என்றான்.

பொருத்தினார்கள். எஞ்சினை உயிர்ப்பித்துப் பையன் நெம்பைத் தள்ளினான். சகோதரிகளே, அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவது? தகரக் கூரை அதிர்ந்தது. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு நான் வெளியே ஓடினேன். தெருவில் நின்று திரும்பிப் பார்க்கிறேன்: என் தம்பி குழாயின் வாயில் இருந்து ஒரு முழத் தூரத்தில் குந்தி, இடது காதைச் சாய்த்து வைத்து, நிதானமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான், பாங்கு கேட்பவனைப் போல.

அப்போதுதான் கேத்தல் என் நினைவுக்கு வந்தது.

அன்றிரவு அவன் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் நான்கு அடி தள்ளி நின்று, மெல்லிய குரலில் "தம்பி, உம்மா எப்பயாவது கனவுல வாறாவா?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னும் ஒரு தடவை கேட்டேன். அவன் சவர்க்காரத்தைத் தேடிக்கொண்டிருந்தான். நான் முற்றத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன்.

காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் அவனைக் கூட்டிப்போக இரண்டு நாள் வற்புறுத்த வேண்டியிருந்தது. "எனக்குக் காது நல்லாக் கேக்குது, எஞ்சின்ல ஒரு வால்வு தட்டினாலும் கண்டுபிடிப்பன்" என்று வாதாடினான். அது உண்மை. அதுதான் இந்த நோயின் கள்ளத்தனம். வைத்தியர் ஒரு வரைபடத்தைக் காட்டி விளங்கப்படுத்தினார். பெருஞ்சத்தம் காதின் உட்புறத்தில் இருக்கும் நுண்ணிய மயிர்க் கலங்களைத் தேய்த்துவிடும். தேய்ந்தவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சான ஒலிகள். நாலாயிரம் ஹேர்ட்ஸ் என்று அவர்கள் சொல்லும் இடத்தில் வரைபடக் கோடு கிணறு போல விழுந்துவிடும். தம்பியின் கோடு இரண்டு காதிலும் விழுந்திருந்தது, இடது காதில் ஆழமாக. எஞ்சினின் தடித்த ஓசை கேட்கும். ஆண்களின் பேச்சு பெரும்பாலும் விளங்கும். விசில் கேட்காது. ஸ், ஷ், ஃப் போன்ற ஓசைகள் நழுவிவிடும்; பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. "பெண்களின் குரலும் சின்னப் பிள்ளைகளின் குரலும்தான் முதலில் கை நழுவும்" என்றார் வைத்தியர்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "அப்ப அவ என்ன நினைச்சிருப்பா காக்கா?" என்று மட்டும் கேட்டான்.

என்ன நினைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

அன்று மாலை பையன் மறுபடி வந்தான். இப்போது எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. என் சொந்த வாயாலேயே பேசினேன். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு மனிதன் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும்: 88இல் நான்கு மணி, 91இல் இரண்டு, 94இல் ஒன்று, 97இல் அரை மணி, 100இல் கால் மணி நேரம். மூன்றுதானே என்று அலட்சியம் செய்ய முடியாது, மூன்று கூடினால் சத்தத்தின் சக்தி இரட்டிக்கிறது. கலிபோர்னியாவில் 1986க்குப் பின் தயாரான இப்படியான வண்டிகளுக்கு 96 டெசிபல் என்று சட்டம் எல்லை போட்டிருக்கிறது. குழாயின் வாயில் இருந்து அரை மீற்றர் தள்ளி, 45 பாகை சரிவில் கருவியை வைத்து அளப்பார்கள். பையன் தன் கைப்பேசியில் சத்தம் அளக்கும் ஒரு செயலியை இறக்கி அளந்து பார்த்தான். கைப்பேசிக் கணக்கு துல்லியமானதல்ல. ஆனாலும் கம்பனிக் குழாய்க்கும் சந்தைக் குழாய்க்கும் இடையில் பத்து டெசிபலுக்கு மேல் வித்தியாசம் காட்டியது. "உன் வண்டியை இந்த மனிதர்தான் ஒவ்வொரு வாரமும் திருத்துகிறார்" என்று தம்பியைக் காட்டினேன். கேத்தல் கதையையும் சொன்னேன். பையன் ஒன்றும் பேசாமல் குழாயைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோபித்துவிட்டான் என்று தம்பி இரவெல்லாம் தூங்கவில்லை.

வெள்ளி பின்னேரம் கபீல் எங்கள் இருவரையும் துமாமாவுக்கு அழைத்தார். கூடாரத்தின் நடுவில் கனத்த திரை. அந்தப் பக்கம் பெண்கள். கஹ்வாவும் ஈத்தம்பழமும் வந்தன. சைலன்சர் கதை அதற்குள் கூடாரம் முழுவதும் பரவியிருந்தது. சத்தம் குறைந்த குழாயே நல்லது என்று நான் சொல்லி முடித்ததும், திரைக்குப் பின்னால் இருந்து பையனின் மூத்தம்மாவின் குரல் வந்தது.

"ஷெய்க், நீங்கள் சொல்வது சரி. ஆனால் அவன் மேட்டுக்கு அந்தப் பக்கம் போனால் எனக்குத் தெரிவது சத்தம் ஒன்றுதான். சத்தம் நின்றால் என் நெஞ்சும் நின்றுவிடும். குழாயை ஊமையாக்கிவிட்டால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று நான் எப்படி அறிவது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் காதைப் பற்றியே நினைத்திருந்தேன். அந்த மூதாட்டி காதால் காவல் காத்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னது தம்பிதான், தன் உடைந்த அரபியில். கொடி! வண்டியின் பின்னால் உயரமான, வளையக்கூடிய ஒரு கம்பை நட்டு, நுனியில் செம்மஞ்சள் கொடி கட்டுவது. மணல்மேட்டில் உச்சிக்கு அந்தப் பக்கம் எதிரே வருபவனைக் காண முடியாது. இரண்டு பேரும் ஹெல்மட் போட்டு எஞ்சின் இரைச்சலில் இருப்பதால் சத்தமும் கேட்காது. உச்சியில் மோதித்தான் பலர் சாகிறார்கள். கலிபோர்னியாவின் பெரிய மணற்காட்டில் தரையில் இருந்து எட்டு அடி உயரக் கொடி இல்லாமல் ஓட்டவே விடுவதில்லை. கொடி வண்டிக்கு முன்னால் மேட்டுக்கு மேல் தெரியும். "உம்மா, நீங்கள் கொடியைப் பாருங்கள்" என்றான். திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "ஹெல்மட் போடாத நாளில் சாவியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும்" என்று அவர் இன்னொரு நிபந்தனையும் சேர்த்தார். பையன் தலையாட்டினான். தலையாட்டாமல் இருக்க அந்தக் கூடாரத்தில் யாருக்கும் துணிவு இருக்கவில்லை.

இறுதியில் தெரிவு செய்தது இதுதான்: முன்குழாய் கம்பனியுடையதே இருக்கட்டும், பின்னால் மட்டும் சத்தம் குறைவாகச் செய்யப்பட்ட வகை, வாயில் தீப்பொறித் தடுப்பு வலையோடு. அமெரிக்காவின் அரச காடுகளில் அந்த வலை கட்டாயம். மணலுக்கு எதற்கு என்று பையன் கேட்டான். கூடாரமும் கம்பளமும் காய்ந்த முட்செடியும் எரியாதா என்று கபீல் கேட்டார். விலை 1,700 ரியால் அளவில். 600 ரியால் போலிக்கு முன்னால் அது மிகக் கூடுதல்தான். ஆனால் போலியின் ஒட்டு, தம்பி நகத்தால் சுரண்டியபோதே உதிர்ந்தது. பெற்றோல் பெட்டிக்கு வேறு காசு. அதையும் கபீலே கொடுத்தார்.

பொருத்திய இரவு, எஞ்சின் நின்ற இடத்தில் ஓடியபோது முன்குழாய் இருட்டில் சிவந்தது. நெம்பை விட்டால் படபடவென்று வெடித்தது. பெற்றோல் போதவில்லை என்பதற்கு அடையாளம். தம்பி அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே, இடையிடையே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தான். வெள்ளையாக இருந்தால் பெற்றோல் குறைவு, கறுத்திருந்தால் கூடுதல், நன்கு சுட்ட ரொட்டியின் இளம் பழுப்பு வந்தால் சரி. மூன்றாம் தடவை ரொட்டி நிறம் வந்தது. உள்ளே இருக்கும் பஞ்சு காலம் போகப் போக எரிந்து பறந்துவிடும், சத்தம் கூடத் தொடங்கினால் கொண்டுவந்து மாற்ற வேண்டும் என்று பையனிடம் சொல்லச் சொன்னான். சொன்னேன். "சத்தம் கூடினால் மூத்தம்மா சொல்வார்" என்றான் பையன்.

வேலை முழுவதும் தம்பியின் தலையில் பெரிய காதுமூடி இருந்தது. அவன் கேட்கவில்லை, கபீலின் மகன் வாங்கி வந்து வைத்தான். 600 ரியால் குழாயைச் சந்தையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில்.

நம் ஊர்களில் தப்பாப் இல்லை. ஆனால் மோட்டார் சைக்கிளின் சைலன்சரைப் பிரித்து, உள்ளே இருக்கும் தடுப்புகளை அறுத்து எடுத்துவிட்டு ஓட்டும் பிள்ளைகள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். மகன் "உம்மா, சைலன்சர் மாத்தக் காசு தாங்க" என்று வந்து நின்றால், அது உங்களுக்கு விளங்காத ஆம்பிளை விஷயம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். உள்ளே தடுப்பு இருக்கிறதா, பஞ்சா, வெறும் குழாயா என்று கேளுங்கள். பெற்றோலின் அளவை யார் சரிசெய்வார் என்று கேளுங்கள். பொலிஸார் மறித்தால் தண்டப்பணம் யார் கட்டுவது என்றும் கேளுங்கள். இவ்வளவும் கேட்கிற உம்மாவிடம் எந்த மகனாலும் இலகுவில் காசு வாங்கிவிட முடியாது.

ஊருக்குத் திரும்பிய அன்றே தம்பியின் வீட்டுக்குப் போனேன். வைத்தியரின் வரைபடத்தைக் கைப்பேசியில் காட்டி, அந்தக் கிணறு போன்ற கோட்டைத் தொட்டு, "இந்தக் கிணத்துக்குள்ளதான் உன்ட குரல் விழுந்து கிடக்குது தங்கச்சி" என்றேன். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுகையா, ஆறுதலா என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவள் தொலைபேசியில் பேசும்போது கத்துவதில்லை. குரலைத் தாழ்த்தி, சொல்லுக்குச் சொல் இடம்விட்டுப் பேசுகிறாள். கீச்சுக் குரலைவிடத் தாழ்ந்த குரல் அவனுக்கு நன்றாக விளங்குகிறது. மகள் மட்டும் ஆசை மிகுதியில் மறந்துபோய் ஒரே மூச்சில் கீச்சிடுவாள். பிறகு தானே நினைவு வந்து, திரையில் விரலை நீட்டிச் சொல்வாள்:

"வாப்பா, வலக் காத வைங்க."

அவனும் வைப்பான்.